டாஷ்போட்டுக்குள் ஒரு சின்ன ரேடியேற்றர்

அம்மாவின் மூக்குத்தான் முதலில் கண்டுபிடித்தது. மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போக மினிவானில் ஏறி இருந்தவுடனேயே, "தம்பி, என்ன வானுக்குள்ளை பாணி காய்ச்சின மாதிரி மணக்குது?" என்றார். பின் சீற்றில் பிள்ளைகள் ஜூஸ் ஏதும் ஊற்றியிருப்பார்கள் என்று நினைத்து நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்த கிழமை முன்கண்ணாடியின் உட்பக்கம் மங்கத் தொடங்கியது. குளிருக்குக் கண்ணாடி புகார் பிடிப்பது ரொறன்ரோவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் இது வேறு. சாதாரண புகாரை விரலால் துடைத்தால் துளியாக வழிந்து தெளிந்துவிடும். இது நல்லெண்ணெய் தொட்ட விரலைக் கண்ணாடியில் இழுத்த மாதிரி, துடைத்த இடத்திலேயே மங்கல் கோடாக நின்றது. குனிந்து பயணி பக்கத்துக் கார்பற்றைக் கையால் அழுத்திப் பார்த்தேன். ஈரம். சப்பாத்தோடு வந்த ஸ்னோ உருகிய ஈரமென்றால் இரண்டு நாளில் காய்ந்திருக்கும். இந்த ஈரம் பட்ட விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின.

மனைவி முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறார். காலை ஏழு மணி ஷிப்ற்றுக்கு இருட்டோடு வெளிக்கிட்டு, 401 நெடுஞ்சாலையில் போக வேண்டும். முன்னால் போகும் லொறி உப்புத் தண்ணீரை அள்ளி வீசும்போது வெளியில் வைப்பர் வேலை செய்யும். உள்ளே படியும் படலத்துக்கு அவர் கையுறையால் துடைத்துத் துடைத்து ஓட்டியிருக்கிறார். அதை எனக்கு அவர் சொன்னதே மூன்றாவது நாள்தான். அன்றைக்குத்தான் இது குளிர் தாங்கும் பிரச்சினை அல்ல, கண் தெரியாமல் ஓட்டும் பிரச்சினை என்று எனக்கு உறைத்தது.

ஹீற்றர் கோர் என்ற சாமானைப் பற்றி ஊரில் நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. யாழ்ப்பாணத்து வெயிலில் வாகனத்துக்குள் சூடு யாருக்கு வேண்டும்? இங்கே அது இல்லாமல் வாகனமே இல்லை. எஞ்சினில் எரியும் பெற்றோலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூடாக மாறி, கூலன்ட் என்ற நிறத் தண்ணீருக்குள் போகிறது. அந்தத் தண்ணீரை ஆற்றத்தான் முன்னால் ரேடியேற்றர் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கிளையை இரண்டு றப்பர் ஹோஸ் வழியாக டாஷ்போட்டுக்குள் கொண்டுவந்து, ஒரு தடித்த புத்தகம் அளவான சின்ன ரேடியேற்றருக்குள் ஓட விடுகிறார்கள். அதன் மேலே விசிறி காற்றை ஊதும். நாங்கள் கை காயவைக்கும் சூடும், கண்ணாடியைத் தெளிய வைக்கும் சூடும் அந்தக் காற்றுத்தான். அந்தச் சின்ன ரேடியேற்றர்தான் ஹீற்றர் கோர். அதில் ஊசித் துளை ஒன்று விழுந்தால் கூலன்ட் ஆவியாகி நேரே எங்கள் மூச்சுக்கும் கண்ணாடிக்கும் வரும். அம்மாவுக்கு மணந்த பாணி அதுதான்: எதிலீன் கிளைக்கோல். இனிப்பாக இருக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாயும் பூனையும் நக்கிவிட்டுச் செத்துப்போவது இதைத்தான்.

ஒரு கராஜில் விலை கேட்டேன். 1,250 டொலர் என்றார்கள். அது கொள்ளை விலை என்று சொல்லமாட்டேன். பல வான்களில் இந்தக் கோரை எடுக்க முழு டாஷ்போட்டையும் கழற்றி, ஸ்ரியறிங் தண்டை இறக்கி, குளிர்சாதன வாயுவையும் முறைப்படி வாங்கி எடுக்க வேண்டும். ஒரு ஆளின் ஒரு நாள் வேலை அதற்குள் போய்விடும். கோரின் விலையோ 85 டொலர். மிச்சமெல்லாம் அந்த இடத்துக்குக் கையைக் கொண்டுபோவதற்கான கூலி.

ஒரு நண்பர் இரண்டு ஹோஸையும் எஞ்சின் பக்கத்திலேயே ஒரு துண்டால் இணைத்து, கோரை விட்டுவிடச் சொன்னார். ஆடி மாதமென்றால் செய்திருப்பேன். தை மாதத்தில் சூடே இல்லாத வானை மனைவியிடம் கொடுக்க முடியாது. இன்னொருவர் ஓட்டை அடைக்கும் மருந்து ஊற்றச் சொன்னார். அந்த மருந்துக்கு எது ஓட்டை, எது வழி என்று தெரியாது. கோரின் குழாய்கள் மிக ஒடுக்கம். முதலில் அடைபடுவது அவைதான். என் வானில் பின் சீற்றுக்காரருக்கென்று இரண்டாவது ஹீற்றரும் இருக்கிறது. ஒன்றைக் காப்பாற்றப் போய் இரண்டையும் அடைக்க நான் தயாராக இல்லை.

அப்பாவுக்கு 78 வயது. ஊரில் அவரிடம் ஒரு ஒஸ்ரின் ஏ40 கார் நின்றது. 1990க்குப் பிறகு பெற்றோல் வராத ஆண்டுகளில், கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டியவர். யாழ்ப்பாணத்தில் அப்போது ஓடிய கார்கள் பல அப்படித்தான் ஓடின. நான் கைபேசியில் சாமான் விலை பார்த்துக்கொண்டிருக்க, அவர் கேட்டார்: "தண்ணி எங்கை போகுது எண்டு சோதிச்சனியோ?"

"மணக்குதுதானே அப்பா. கோர்தான்."

"மணத்துக்குச் சாமான் வாங்காதை. முதலிலை பார்."

அவர் சொன்னது சரி. கூலன்ட் குறைவதற்கு வேறு வழிகளும் உண்டு. ஹெட் காஸ்கற், அதாவது எஞ்சினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் இடையில் இருக்கும் அடைப்புத் தகடு, போனால் எஞ்சினுக்குள்ளேயே எரிந்து வெள்ளைப் புகையாகப் போகும். பின் ஹீற்றருக்குப் போகும் உலோகக் குழாய்கள் வானின் அடியால் போகின்றன. வீதிக்குப் போடும் உப்பு அவற்றையும் அரித்துவிடும். உதிரிப்பாகக் கடையில் முற்பணம் கட்டி, அழுத்தம் சோதிக்கும் கைப்பம்பு ஒன்றை இரவல் எடுத்தேன். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேற்றர் மூடி இருக்கும் இடத்தில் அதைப் பூட்டி, 15 பிஎஸ்ஐ அழுத்தம் வரை அடித்தோம். பத்து நிமிடத்தில் முள் ஒன்பதுக்கு இறங்கியது. வானின் அடியில் கடதாசி விரித்துப் பார்த்தோம், ஒரு துளியும் இல்லை. அப்பா பயணி பக்கக் கார்பற்றுக்குள் கைவிட்டு, புதிதாக ஊறிய ஈரத்தைத் தொட்டுக் காட்டினார். அதற்குப் பிறகுதான் கோர் வாங்கினோம்.

எங்கள் வானில் ஒரு நல்ல காரியம், டாஷ்போட்டைக் கழற்றத் தேவையில்லை. சாரதியின் முழங்காலுக்கு நேரே இருக்கும் தட்டைக் கழற்றி, பெடல்களை விலக்கினால், கோர் லாச்சி மாதிரிப் பக்கவாட்டில் வெளியே வரும். எல்லா வானும் இப்படியல்ல. உங்கள் வானுக்குரிய திருத்தக் கைநூலைப் பார்க்காமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

தை மாதம், ஒரு சனிக்கிழமை. வெளியில் கழித்தல் ஒன்பது பாகை. வீட்டுக் கராஜுக்குச் சூடு கிடையாது. அப்பா குசினிக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து, கம்பளியைச் சுற்றிக்கொண்டு, ரோச் லைற்றோடு இருந்துவிட்டார். போகச் சொன்னாலும் போகவில்லை.

பழைய கூலன்ட் எந்த நிறத்தில் இருந்ததென்று முதலில் சொல்ல வேண்டும். ரேடியேற்றரின் அடித் திருகைத் திறந்ததும் வாளிக்குள் விழுந்தது தேயிலைச் சாயம். இந்த வானை நான் பழையதாகத்தான் வாங்கினேன். வாங்கிய நாள் முதல் குறைந்தபோதெல்லாம் கையில் அகப்பட்ட கூலன்ட்டை ஊற்றினேன், சில வேளை வெறும் குழாய்த் தண்ணீரையும் ஊற்றினேன். கூலன்ட்டில் உள்ள கிளைக்கோல் உறையாமல் காக்கும். உலோகம் அரிக்காமல் காப்பது அதற்குள் சிறிதளவு கலந்திருக்கும் வேறு இரசாயனங்கள். அவை ஆண்டுகள் போகத் தீர்ந்துவிடும். ஒரு வகையை இன்னொரு வகையோடு கலந்தால் ஒன்றையொன்று கெடுத்து, களி மாதிரித் திரளவும் கூடும். பச்சை, செம்மஞ்சள், இளஞ்சிவப்பு என்ற நிறத்தை நம்பிப் பயனில்லை, நிறம் கம்பனிக்குக் கம்பனி மாறும். போத்தலின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் தரமும் கைநூலில் இருக்கும் தரமும் ஒன்றா என்று பார்ப்பதுதான் வழி. நான் பார்க்கவில்லை. ஓட்டைக்கு அதுதான் காரணம்.

காலையில் மூன்று தடவை தண்ணீர் நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, வடித்தோம். குளிர்காலத்தில் வெளிக் குழாய் பூட்டியிருக்கும், எல்லாம் குசினியில் இருந்து வாளியில் சுமந்த இளஞ்சூட்டுத் தண்ணீர். கடைசித் தடவை மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீர். அப்பா அப்போது சொன்ன ஒரு சொல் நாள் முழுக்க என் முதுகில் நின்றது: "எஞ்சினுக்குள்ளை இப்ப வெறும் தண்ணி நிக்குது. இதோடை விட்டிட்டு நித்திரைக்குப் போயிடாதை." வடித்தாலும் எஞ்சினின் பொந்துகளில் நாலைந்து லீற்றர் மிஞ்சும். இரவு அது உறைந்து விரிந்தால் வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். ஆக, வேலை அன்றைக்கே முடிய வேண்டும்.

பற்றரியின் கழித்தல் முனையைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தோம். ஸ்ரியறிங்குக்குக் கிட்டக் கை வைக்கப் போவதால் எயார்பாக்கின் மின்சாரம் வடிய வேண்டும். இரண்டு நிமிடம் போதும் என்று கைநூல் சொன்னது, நாங்கள் பதினைந்து நிமிடம் விட்டு, அந்த நேரத்தில் தேத்தண்ணி குடித்தோம். மஞ்சள் நிறப் பிளக் எதையும் இழுக்காமல் இருந்தால் எயார்பாக்கோடு வம்பில்லை. வானுக்குள் ஒரு சின்ன மின்சார ஹீற்றரை அரை மணித்தியாலம் வைத்ததும் இதே நேரத்தில்தான். குளிரில் பிளாஸ்ரிக் கிளிப்புகள் அப்பளம் போல உடையும், சூடேறினால் வளையும்.

முழங்கால் தட்டு வந்தது, அக்சிலேற்றர் பெடல் வந்தது. பிறேக் பெடலைத் தண்டோடு இணைக்கும் கிளிப்பைக் கழற்றிப் பெடலை ஒருபக்கம் தள்ளினோம். பிறேக் லைற் சுவிச் என் வானில் ஒருதடவை கழற்றினால் திரும்பப் பூட்டக்கூடாத வகை, புதிது வாங்கி வைத்திருந்தேன். பிறகு நான் தலைகீழாக, இடுப்பு சீற்றிலும் தலை பெடலுக்குக் கீழும், கிடந்தேன். கால்கள் வானுக்கு வெளியே. அப்பாவின் வெளிச்சம் என் காதைத் தாண்டி வந்தது.

இரண்டு அலுமினியக் குழாய்கள் ஒரு சின்னத் தகட்டோடு சேர்ந்து கோரின் வாயில் உட்கார்ந்திருந்தன. அந்தத் தகட்டைப் பிடித்திருந்தது ஒரே ஒரு ஆணி. நான் ஒரு மாதமாகப் பயந்த வேலை அந்த ஒரு ஆணிதான். அதைச் சுற்றி வெள்ளையாக, உப்புப் பூத்த மாதிரிப் படிந்திருந்தது. உடைந்தால் குழாயும் சேர்ந்து போகும். துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டு எழும்ப வெளிக்கிட்டேன். அப்பா, "ஆறுதலாச் செய். முதலிலை ஒருக்கால் இறுக்கிப் பார், பிறகு களட்டு" என்றார். கால் சுற்றும் இல்லை, ஒரு மயிரிழை இறுக்கினேன். டிக் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அது விரலுக்கே சுழன்று வந்தது.

குழாயை விலக்கியதும் கோருக்குள் மிஞ்சியிருந்த தண்ணீர் கீழே வைத்திருந்த துவாயில் கொட்டியது. கோரை இழுத்தேன். பாதியில் இறுகியது. பலமாக இழுக்கும் ஆசை வந்தது. இழுத்திருந்தால் பெட்டியின் பிளாஸ்ரிக் வெடித்திருக்கும். பழைய பஞ்சு நாடா ஒன்று உக்கி, கோருக்கும் பெட்டிக்கும் இடையில் ஒட்டிக் கிடந்தது. வெண்ணெய்க் கத்தியை விட்டு நாலு பக்கமும் விடுவித்த பிறகு, வழுகி என் நெஞ்சில் வந்து விழுந்தது. மத்தியானம் ஒன்றரை.

புதியதைப் பூட்டியதில் எழுத அதிகம் இல்லை. சுற்றிவரப் புதுப் பஞ்சு நாடா ஒட்டினேன், இல்லாவிட்டால் காற்று கோருக்குள்ளால் போகாமல் ஓரத்தால் தப்பிவிடும், சூடு குறையும். புது ஓ வளையங்களைக் கூலன்ட்டில் நனைத்துப் போட்டேன். ஆணியைக் கையால் முழுதும் ஓட்டிய பிறகே சாவி போட்டு இறுக்கினேன். பெடலின் கிளிப் தன் இடத்தில் விழுந்த சத்தத்தை அப்பாவும் கேட்டு உறுதி சொன்ன பிறகுதான் தட்டை மூடினோம்.

தண்ணீர்க் கணக்கை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நிறையப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். பின் ஹீற்றரோடு சேர்த்து என் வானின் கொள்ளளவு 15 லீற்றர். வடிக்கும்போது வாளியில் வந்தது பத்துத்தான். மிச்சம் ஐந்தும் உள்ளே வெறும் தண்ணீர். இப்போது பாதிக்குப் பாதி கலந்து விற்கும் கூலன்ட்டை ஊற்றினால் மொத்தக் கலவை மூன்றில் ஒன்றாக ஐதாகிவிடும், ரொறன்ரோவின் மோசமான இரவுக்கு அது காணாது. ஆகவே கலக்காத கூலன்ட் இரண்டு கலன், கலன் ஒன்றுக்கு 3.78 லீற்றர், முதலில் ஊற்றினேன். அதற்குப் பிறகு இரண்டரை லீற்றர் அளவு காய்ச்சி வடித்த தண்ணீர். பாதிக்குப் பாதி கலவை கழித்தல் 37 பாகை வரை உறையாது. தனிக் கூலன்ட் இன்னும் நல்லதென்று நினைத்துத் தண்ணீரே விடாமல் ஊற்றுபவர்களையும் கண்டிருக்கிறேன். சுத்த எதிலீன் கிளைக்கோல் கழித்தல் 13க்குக் கிட்டவே உறையத் தொடங்கிவிடும். தண்ணீரும் அதுவும் சேர்ந்தால்தான் இரண்டும் உறையாமல் நிற்கின்றன.

பிறகு காற்று. நீளமான குழாய்கள் இருக்கும் வானில் காற்று எங்கேயாவது ஒளிந்துகொள்ளும். முன் சில்லுகளைச் சாய்தளத்தில் ஏற்றி, ரேடியேற்றர் வாயை எல்லாவற்றிலும் உயரத்துக்குக் கொண்டுவந்தோம். ஒரு பெரிய புனலைப் பூட்டி, முன், பின் இரண்டு ஹீற்றரையும் உச்சச் சூட்டில் வைத்து ஸ்ராட் பண்ணினோம். கராஜ் கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், புகை உயிருக்கு ஆபத்து. முதல் பதினைந்து நிமிடம் டாஷ்போட்டுக்குள் களகளவென்று சத்தம், காற்றோ பச்சைக் குளிர். புனலில் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு நெஞ்சு அடித்தது. அப்பா பொனற்றுக்குள் கையை விட்டு ரேடியேற்றர் ஹோஸ் இரண்டையும் தொட்டார். ஒன்று சூடு, மற்றது குளிர். "பொறு. தேர்மோஸ்ரற் இன்னும் திறக்கேல்லை" என்றார். எஞ்சின் சூடேறும் வரை ரேடியேற்றருக்குப் போகும் வழியை மூடி வைத்திருக்கும் கதவு அது. சற்று நேரத்தில் புனலுக்குள் ஒரு பெரிய குமிழ் வெடித்து, மட்டம் ஒரு கோப்பை அளவு இறங்கியது. ஊற்றினேன். இன்னொரு குமிழ். மறுபடி ஊற்றினேன். ரேடியேற்றர் விசிறி சுழன்று நின்றபோது இரண்டு ஹோஸும் கை வைக்க முடியாத சூடு. நான் ஓடிப்போய் சாரதி சீற்றில் இருந்தேன். முகத்தில் சூடு. முன்கண்ணாடியின் கீழ் விளிம்பில் இரண்டு தெளிந்த வட்டங்கள் தோன்றி, மெல்ல மெல்ல மேலே ஏறி ஒன்றாகின. அப்பா வெளியில் நின்று கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறேக்கை அழுத்தினேன்; பின் சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. மணி ஆறு.

மறுநாள் காலை பழைய கோரை இரும்பறுக்கும் வாளால் நடுவாக வெட்டினேன். காரணத்தைக் கண்ணால் காண வேண்டும் போல இருந்தது. உள்ளே தட்டையான குழாய்கள், ஒவ்வொன்றின் வாயும் நெல்மணி அளவு அகலம். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு காப்பிக் கசடு போன்ற சேற்றால் முழுதாக மூடியிருந்தது. அதைக் கிண்டி விரலில் எடுத்தேன்; மணல் போலவும் இல்லை, களிம்பு போலவும் இல்லை. கீழ் மூலையில் ஒரு குழாயின் வெளிப்பக்கம் வெள்ளைப் பூப் பூத்திருந்தது. அதைச் சுரண்டினால் ஊசி நுனியும் போகாத துளை. ஒரு மாதமாக என் வீட்டாரின் கண்ணை மறைத்தது அதுதான். நான் நினைவில்லாமல் ஊற்றிய ஒவ்வொரு போத்தலும் அந்தச் சேற்றுக்குள் இருந்தது.

செலவு எல்லாம் சேர்த்து 215 டொலர். கார்பற்றுக்குக் கீழே இருக்கும் பஞ்சு கிளைக்கோலை விடாது, சீற்றைக் கழற்றி, பஞ்சை எடுத்து, குளிக்கும் தொட்டியில் நாலு தடவை அலசிக் காயப்போட ஒரு கிழமை சென்றது. கண்ணாடியின் உட்பக்கத்தை ஸ்பிரிற் நனைத்த துணியால் மூன்று தரம் துடைத்த பிறகுதான் படலம் முழுதாகப் போனது. பழைய கூலன்ட்டையும் அலசிய முதல் தண்ணீரையும் கலன்களில் அடைத்து, பெயர் எழுதி, நகரசபையின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுத்தேன். வாளி நிறைந்திருந்த நேரமெல்லாம் பக்கத்து வீட்டுப் பூனை கராஜ் வாசலில் வந்து நின்றது. அப்பா கதிரையை வாளிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

கூலன்ட் தாங்கியில் மட்டத்துக்கு நேரே ஒரு துண்டு நாடா ஒட்டியிருக்கிறோம். முதல் மூன்று நாளில் அரைக் கோப்பை இறங்கியது. உள்ளே மிஞ்சியிருந்த காற்று போன இடம் அது. நிரப்பினேன். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் எஞ்சின் ஆறியிருக்கும்போது அப்பா திறப்பை வாங்கிக்கொண்டு போய்ப் பொனற்றைத் திறந்து பார்க்கிறார். ஐந்து ஞாயிறு ஆயிற்று. மட்டம் நாடாவிலேயே நிற்கிறது.